பஸ் நிறைய மரச்சீனி

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். அப்போதுதான் நான் கல்யாணமாகி, அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்துக்கு வந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிற ஒரு நாள் அந்த வீட்டில் எனக்கு வாய்த்தது. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு அரிசி இருந்த நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்த வீட்டில் நெல் குதிரைத் தட்டினால் சத்தமே வராது, அவ்வளவு நிறைந்திருக்கும். புகுந்த வீட்டிலோ எல்லாமே ரேஷன். வாரத்துக்குக் கொடுக்கிற அரிசி வெள்ளிக்கிழமை வருவதற்குள் தீர்ந்துவிடும். அதிலும் கல்லைப் பொறுக்கி, உமியைப் புடைத்துப் பார்த்தால் இன்னும் குறைந்திருக்கும். சில வாரங்களில் அரிசி இல்லை என்று கோதுமையைக் கொடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து என்ன செய்வதென்று எங்கள் தெருவில் அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு மாமி அதைக் கஞ்சி வைக்கப் பார்த்து, கடைசியில் பசையாக்கிப் பஞ்சாங்கம் ஒட்டினாள்.

எங்கள் வீட்டில் மாமனார் மாமியார், மூத்தவரும் மன்னியும் அவர்கள் குழந்தைகளும், பிறகு நாங்கள் இரண்டு பேர். மன்னி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. ஆண்கள் சாப்பிட்டு ஆபீசுக்குப் போன பிறகு நானும் மன்னியும் பானையைப் பார்ப்போம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். "எனக்குப் பசியே இல்லைடி" என்பாள் மன்னி. "எனக்கும்தான்" என்பேன் நான். இரண்டும் பொய் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான், காலி இடங்களில் எல்லாம் பயிர் செய்யுங்கள் என்று சர்க்கார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. மன்னி அதைக் காதில் வாங்கிவிட்டாள். கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டிலிருந்து சரிந்து ஆற்றுக்கு இறங்குகிற ஒரு பெரிய மனை வெறுமனே கிடந்தது. சொந்தக்காரர் பம்பாயில் இருந்தார். "எதையாவது நட்டுக்கொள்ளுங்கள், புதர் மண்டாமல் இருந்தால் சரி" என்று எழுதிவிட்டார். மன்னி, நான், பக்கத்துத் தெருவில் குடியிருந்த மலையாளி டீச்சர் ஒருத்தி, எதிர் வீட்டு மாமிகள் இரண்டு பேர், இவ்வளவுதான் எங்கள் படை. சித்திரையில் மரச்சீனி நட்டோம். தமிழ்நாட்டில் மரவள்ளி என்று சொல்வதைத்தான் அங்கே மரச்சீனி என்பார்கள். இடையிடையே பயறும் பூசணியும் போட்டோம்.

மாமியாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. முதல் நாள் மண்வெட்டியோடு வாசற்படி இறங்கியபோதே பிடித்துக்கொண்டாள்.

"என்னடி கூத்து இது? பொம்மனாட்டிகள் ரோட்டோரத்திலே நின்னுண்டு மண்ணு வெட்டறதாவது! போறவா வரவா என்ன நினைப்பா? மரச்சீனியை என் அடுக்களையிலே ஏத்தமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன், கேட்டியோ?"

மன்னி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். நேராக நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன்.

என்ன செழிப்பு தெரியுமா அந்த மண்! ஆற்று வண்டல். ஆவணி பிறக்கும்போது செடிகள் என் தலைக்கு மேலே நின்றன. ஒரு தூரைச் சுற்றி விரலால் கிளறிப் பார்த்தால், மணிக்கட்டு கனத்துக்குக் கிழங்கு தட்டுப்படும். இன்னும் கொஞ்சம் பருக்கட்டும், கார்த்திகையில் பிடுங்கலாம் என்று காத்திருந்தோம். பயறும் பூசணியும் அதற்குள்ளேயே சமையலுக்கு வந்துவிட்டன. பூசணியை மாமியார் ஏற்றுக்கொண்டாள். அதற்கு ஆட்சேபம் இல்லையாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே ஒரு ஏரியைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். அப்படி இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில், ஆண்கள் ஆபீசுக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், டீச்சர் நனைந்தபடி ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுத் திரும்பி வருகிற வழியில் ஆற்றைப் பார்த்திருக்கிறாள்.

"மன்னீ, வேகம் வாங்கோ! பாலத்துத் தூணொண்ணும் காணான் இல்லை. நம்ம மரச்சீனிக்குள்ளே வெள்ளம் கேறியாச்சு!"

அடுப்பில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படியே போட்டுவிட்டு ஓடினோம்.

மனையின் மேட்டில் போய் நின்று பார்த்தோம். எப்போதும் சாதுவாகப் போகிற கரமனையாறு சிவப்பாகச் சுழித்துக்கொண்டு, வாழை மரங்களையும் ஓலைக் கூரைகளையும் சுமந்துகொண்டு போனது. மனையின் கீழ்க்கோடியில் செடிகள் பாதி முழுகி நின்றன. ஒரு நாள் தண்ணீர் நின்றால் போதும், மண்ணுக்குள்ளேயே கிழங்கு அழுகிவிடும். ஏழு மாதப் பாடு. அதைவிட, அடுத்த மூன்று மாதத்துச் சாப்பாடு.

ஐந்து பேரும் இறங்கினோம். ஈர மண் ஆனதால் முதலில் சுலபமாக வந்தது. தண்டைப் பிடித்து ஆட்டி இழுத்தால் கொத்தோடு கிழங்கு வெளியே வரும். வந்ததை ரோட்டு மேட்டுக்குக் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். சரிவு முழுக்கச் சேறு. கூடையோடு நாலடி ஏறினால் மூன்றடி வழுக்கும். நாங்கள் ஒரு கூடை ஏற்றுவதற்குள் தண்ணீர் ஒரு வரிசையைத் தின்றுவிடும். எதிர் வீட்டு மாமி ஒருத்தி சேற்றில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குள் மாமியார் குடையோடு ரோட்டு மேட்டில் வந்து நின்றாள். "கிழங்கு போனாப் போறது! ரெண்டு பேரும் ஏறி வாங்கோடி! உங்க ஆத்துக்காராளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று கத்தினாள்.

அப்போதுதான் அந்த பஸ் வந்து நின்றது.

கிழக்கேகோட்டையிலிருந்து நாகர்கோவில் போகிற பஸ். பாலத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வண்டி நிறைய ஆட்கள். சாலைக் கடைவீதியில் சரக்கு வாங்கிக்கொண்டு திரும்புகிற நாஞ்சில் நாட்டு வியாபாரிகள், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள். பஸ்ஸின் கூரை மேல் பெரிய பெரிய கல்யாணச் சமையல் பாத்திரங்கள். கோட்டையில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு ஊர் திரும்புகிற சமையல் கோஷ்டி ஒன்று அதில் இருந்தது. எல்லாரும் ஜன்னல் வழியாக எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

கண்டக்டர் இறங்கி மேட்டின் விளிம்புக்கு வந்தார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"எம்மா! வெள்ளம் ஏறிக்கிட்டிருக்கு, கண்ணு தெரியல்லியா? கிழங்கு கிடக்கட்டும், கரைக்கு வாங்க!"

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அந்நிய ஆண்பிள்ளையோடு அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் எதிரில் உரக்கப் பேசியதே இல்லை. தலையிலிருந்து கால்வரை சேறு, மழை, பசி. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"கரைக்கு வந்தா நாளைக்கு நீங்களா எங்களுக்குச் சோறு போடுவேள்? எங்காத்துல அரிசி இல்லை! யார் ஆத்துலயும் இல்லை!"

அவ்வளவுதான். மாமியார் குடையைத் தாழ்த்திக்கொண்டாள். 'எங்காத்துல அரிசி இல்லை' என்று ரோடே கேட்கக் கூவுவதைவிடப் பெரிய மானக்கேடு எங்கள் தெருவில் கிடையாது.

கண்டக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். பஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் இறங்குங்க! வண்டி இனி எப்பம் போகும்னு சாமிக்குத்தான் தெரியும். சும்மா இருந்து என்ன செய்யப்போறிய? அந்தப் பிள்ளைய எல்லாம் கிழங்கு பறிக்கட்டும், நாம ஏத்துவோம்!" என்று குரல் கொடுத்தார்.

இறங்கினார்கள் ஐயா! முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்தாறு பேர், பிறகு பஸ்ஸே காலி. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வியாபாரிகள் சறுக்கிக்கொண்டே வந்தார்கள். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் வயலில் வளர்ந்தவர்கள். நாங்கள் ஒரு தூரைப் பிடுங்குவதற்குள் அவர்கள் நாலு தூரைப் பிடுங்கினார்கள். சரிவில் மேலிருந்து கீழ்வரை ஆட்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் சேர்ந்தாள். டிரைவர் குழந்தையை வைத்துக்கொண்டு, "எனக்கு வேலை போயிரும், எனக்கு வேலை போயிரும்" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

கீழ் வரிசைகளில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. அங்கிருந்து கிழங்கை எப்படிக் கொண்டுவருவது? சமையல் கோஷ்டியின் தலைவர் ஒரு கனத்த சரீரக்காரர், குடுமியும் வெற்றிலை வாயுமாக இருந்தார். அவர்தான் யோசனை சொன்னார். "அந்தப் பெரிய வார்ப்பை இறக்குங்கோடா!" வார்ப்பு என்றால் கல்யாணத்துக்குச் சாதம் வடிக்கிற வெண்கலப் பாத்திரம். ஒரு ஆள் உள்ளே படுத்து உருளலாம், அவ்வளவு பெரிது. இரண்டு பக்கமும் வளையம். கூரையில் மூட்டை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஒரு வளையத்தில் கட்டித் தண்ணீரில் விட்டார்கள். சாட்சாத் படகு மாதிரி மிதந்தது! நாங்கள் கீழே நின்று கிழங்கை அதில் போட, மேட்டில் நின்றவர்கள் "ஏலோ" என்று இழுக்க, காலியாகித் திரும்பி வர, மறுபடி நிரப்ப... எனக்குச் சிரிப்பாக வந்தது. மன்னியும் சிரித்தாள். அழுதுகொண்டிருந்த மாமிகூடச் சிரித்தாள். தண்ணீர் ஏற ஏற எங்களுக்கு வேகமும் ஏறியது.

அந்த உற்சாகத்தில்தான் ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டேன். ஒரு தூரைப் பிடுங்கித் திரும்புகிறேன், காலுக்கடியில் மண் இல்லை. கிழங்கு பிடுங்கிய குழியை ஆறு அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. தலைக்கு மேல் தண்ணீர். கண், மூக்கு எல்லாம் சேறு. ஓட்டம் என்னைப் பக்கவாட்டில் தள்ளுவது தெரிந்தது. அம்மா என்று கத்த வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போனது. கையை வீசினேன். ஏதோ உலோகம் தட்டியது. வார்ப்பின் வளையம்! இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேட்டில் இருந்தவர்களுக்கு நான் முழுகியது தெரியாது. கயிறு இழுபட்டதும் பாத்திரம் நிரம்பிவிட்டது என்று நினைத்து, "ஏலோ" என்று பலமாக இழுத்துவிட்டார்கள்.

கரையில் கிழங்கோடு கிழங்காக நான் வந்து சேர்ந்தேன். சமையல்காரர் எட்டிப் பார்த்து அலறினார். "அட பகவானே! மரச்சீனியோட மாட்டுப்பொண்ணும் சேர்ந்து வந்துட்டாளே!"

இருமி, தண்ணீரைக் கக்கி, நிமிர்ந்து பார்த்தபோது என் முதுகை ஒரு கை தடவிக்கொண்டிருந்தது. மாமியார். குடையைக் காணோம். புடவையெல்லாம் சேறு. மடிப் புடவையோடு அவள் எப்போது வரிசையில் வந்து நின்றாள் என்று நான் கவனிக்கவே இல்லை. அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு புகையிலை வியாபாரி, அந்தப் பக்கம் கண்டக்டர். "மூச்சு விடுடி, மூச்சு விடு" என்றாள் என்னிடம். பிறகு கண்டக்டரைப் பார்த்து, "நீர் என்ன வேடிக்கை பாக்கறீர்? அடுத்ததைக் கொடும்!" என்றாள்.

கடைசி இரண்டு மூன்று வரிசைகளை ஆறு கொண்டுபோய்விட்டது. மீதி அத்தனையும் ரோட்டில் மலையாகக் குவிந்து கிடந்தது. இதை எப்படித் தெருவுக்குள் கொண்டுபோவது என்று நாங்கள் விழிக்க, கண்டக்டர் பஸ்ஸின் கதவைத் திறந்தார்.

"ஏத்துங்க. மரச்சீனிக்கு அரை டிக்கெட்."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவரே முதல் கூடையைத் தூக்கி உள்ளே வைத்தார். சீட்டுக்கு மேலே, சீட்டுக்குக் கீழே, எங்கே பார்த்தாலும் கிழங்கு. பிரயாணிகள் எல்லாரும் மழையில் நனைந்துகொண்டு பின்னால் நடந்து வர, பஸ் ஊர்வலம் மாதிரி மெள்ள எங்கள் அக்ரஹாரத்துக்குள் நுழைந்தது. அந்தத் தெருவில் பஸ் நுழைந்தது அன்று ஒரு நாள்தான். ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

கோயிலை ஒட்டிப் பழைய ஊட்டுப்புரை ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் சாப்பாடு போட்ட பெரிய கூடம். அங்கே இறக்கினோம். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சமையல்காரர் ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்துவிட்டு, "இப்படியே வச்சா ரெண்டு நாள்லே நீலம் பாய்ஞ்சிடும், எறிய வேண்டியதுதான். சீவி, ஒரு கொதி வேகவச்சு, காயப் போடணும். பாலம் திறக்கற வரைக்கும் எங்களுக்கும் வேலையில்லை. அடுப்பை மூட்டலாமா?" என்றார்.

தெருவே திரண்டது. மழையில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பரண் மேல் கிடந்த தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பலகை, பழைய தொட்டிலின் சட்டம் எல்லாம் வந்தன. அரிவாள்மனைகள் வரிசையாக வைக்கப்பட்டன. தோல் உரிப்பவர்கள், சீவுபவர்கள், தண்ணீர் இறைப்பவர்கள் என்று அவரவர்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். யார் என்ன ஜாதி, யார் எங்கே உட்காரலாம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்க வாயெடுத்த ஒரு மாமாவின் கையிலும் மன்னி ஒரு கூடைக் கிழங்கைத் திணித்துவிட்டாள்.

முதல் வார்ப்பு வெந்து இறங்கியதும் அதைக் காயப்போட மனசு வரவில்லை. தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டுக் கிளறி, வாழையிலையில் எல்லாருக்கும் வைத்தார்கள். ஆவி பறந்தது. கண்டக்டர், டிரைவர், வியாபாரிகள், தெரு ஜனம் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வயிறு நிறைய என்று சொல்வார்களே, அதை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உணர்ந்தேன். எதிரில் மன்னி இருந்தாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் மூன்றாம் தடவை வாங்கினேன்.

ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள் டீச்சருடைய பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கியிருப்பதாக மத்தியானம் செய்தி வந்தது. அவர்களுக்கு ஒரு வார்ப்பு போயிற்று. தூக்கிக்கொண்டு போனவர்கள் பஸ் பிரயாணிகள். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த என் கணவர், தெரு நடுவில் பஸ் நிற்பதையும், கூடத்தில் தன் அம்மா ஒரு புகையிலை வியாபாரியோடு சேர்ந்து கிழங்கு உரிப்பதையும் பார்த்து, வழி தவறி வேறெங்கோ வந்துவிட்டோமோ என்று திரும்பப் போனார். நான்தான் ஓடிப் போய்க் கூட்டிவந்தேன். நான் முழுகிய கதையை மட்டும் அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

பிரயாணிகள் அன்று ராத்திரி ஊட்டுப்புரையிலேயே தங்கினார்கள். மறுநாள் பாலத்தைத் திறந்தார்கள். பஸ் கிளம்பும்போது தெரு முழுக்க வாசலில் நின்றது. ஆளுக்கொரு கிழங்கு கொடுத்தோம். அவர்கள் பெயரையோ ஊரையோ கேட்டு வைத்துக்கொள்ள எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு அது மனசை உறுத்துகிறது.

அதற்கடுத்த நாள் வெயில் பளீரென்று அடித்தது. ஓட்டுக் கூரைகள் மேல், பாய்கள் மேல், நடுத்தெருவில், கோயில் மதிலின் மேல் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று மரச்சீனி வில்லைகள். காக்காய் ஓட்டக் குழந்தைகளை உட்கார வைத்தோம். மழையில் ரோடுகள் அறுத்துக்கொண்டு போனதால் அந்த வாரம் ரேஷன் கடைக்கு லாரியே வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. அந்த வில்லைகள் மாசி வரைக்கும் வந்தன. மாமியார் தன் அடுக்களையில் அதற்கென்று தனியாக ஒரு பானையே ஒதுக்கிவிட்டாள். "உப்பும் மஞ்சளும் கொஞ்சம் தூக்கலாப் போட்டா நன்னாத்தான் இருக்கு" என்று எங்களுக்கே கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த சித்திரையில் நடுவதற்குத் தண்டு கேட்டு, தள்ளி இருக்கிற ஸ்ரீவராகத்திலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள். கரமனையில் காலியாகக் கிடந்த மனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. இந்தத் தடவை ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டு நிலமாகப் பார்த்து நட்டோம்.

வயசாகிவிட்டது. அன்றைக்கு ரோட்டோரத்தில் நின்று கத்தியதை நினைத்து வெகு நாள் கூசியிருக்கிறேன். இப்போது கூச்சமில்லை. வீட்டில் அரிசி இல்லை என்பதை மூடி மறைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் தனித்தனியாகப் பட்டினி கிடந்தோம். அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னதும், முன்பின் தெரியாத அத்தனை பேரும் சேற்றில் இறங்கி வந்தார்களே, அந்தக் காட்சிதான் மனுஷர்கள் மேல் எனக்கு இன்றுவரை குறையாமல் இருக்கிற நம்பிக்கைக்குக் காரணம்.